உங்கள் முதலீடு வருஷத்துக்கு எவ்வளவு வளர்ந்தது? சரியான சராசரியை எடுக்கும் வழி

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் தவணையாகப் பணம் போடும் முறை, ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஓடியபிறகு பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். ஆப்பைத் திறந்தால் ஒரு சதவீதம், ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டில் வேறொரு சதவீதம், லாபத்தை வருஷத்தால் வகுத்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று. எதை நம்புவது? மூன்றும் கணக்குப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். இது எனக்குப் பிடிபட நிறைய நாள் ஆனது. புதிதாக வருகிறவர்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும், பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை.

1. எந்தக் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே தடவை போட்ட பணம் வருஷத்துக்கு எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது என்று கேட்டால் அதற்குப் பெருக்குச் சராசரி, அதாவது எல்லோரும் சிஏஜிஆர் என்று சொல்வது. மாதாமாதமோ அவ்வப்போதோ போட்டு, நடுவில் கொஞ்சம் எடுத்தும் இருந்தால் எக்ஸ்ஐஆர்ஆர், அதாவது ஒவ்வொரு தொகையும் எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பதையும் சேர்த்துப் போடும் வருஷ வளர்ச்சி வீதம். ஒரு யூனிட் சராசரியாக எனக்கு என்ன விலைக்குக் கிடைத்தது என்றால் இசைச் சராசரி. பள்ளியில் முதலில் படித்த, கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும் கூட்டுச் சராசரிக்கும் இடம் உண்டு, ஆனால் நடந்து முடிந்த வளர்ச்சியை அளக்க அது உதவாது. நடைமுறையில் ஏற்படும் குழப்பத்தில் பாதி, இந்தக் கடைசி ஒன்றைத் தப்பான இடத்தில் போடுவதால் வருவதுதான்.

2. ஆவணத்தைக் கையில் எடுங்கள்

ஆப் காட்டும் எண்ணை வைத்து எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஃபண்டுகளுக்காக முதலீட்டாளர் பதிவேட்டைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் இணையதளத்தில் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை, சுருக்கமாகக் காஸ், கேட்டுப் பெறலாம். கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, பிடிஎஃப்புக்கு நீங்களே ஒரு கடவுச்சொல் வைத்தால் அந்த முகவரிக்கே வந்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியவை:

சுருக்க அறிக்கை வேண்டாம், விரிவான அறிக்கை என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கத்தில் இன்றைய மதிப்பு மட்டும்தான் இருக்கும், நமக்குத் தேவை ஒவ்வொரு தேதியும் தொகையும். காலத்தை நீங்கள் முதன்முதலில் பணம் போட்ட தேதியிலிருந்து கொடுங்கள். முழுக்க விற்றுவிட்ட ஃபோலியோக்களும் (ஃபண்ட் நிறுவனத்தில் உங்களுக்கு உள்ள கணக்குகள்) வர வேண்டும் என்பதற்கான தேர்வையும் போடுங்கள். இதை விட்டுவிட்டால் நஷ்டத்தில் விற்று வெளியேறிய ஃபண்டுகள் கணக்கிலிருந்தே காணாமல் போய், மிச்சம் இருப்பவற்றின் வருமானம் உண்மைக்கு மேல் அழகாகத் தெரியும்.

இன்னொன்று, பழைய ஃபோலியோவில் வேறு மின்னஞ்சல் பதிவாகியிருந்தால் அது இந்த அறிக்கையில் வராது. மனைவி பெயரிலோ அப்பா பெயரிலோ போட்டதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கலாம். பங்குகளுக்கு டீமேட் கணக்கின் பரிவர்த்தனை அறிக்கை, பாலிசிக்குப் பிரீமியம் ரசீதுகள், வைப்புநிதிக்கு அதன் பத்திரம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

3. வருஷ சதவீதங்களைக் கூட்டி வகுக்காதீர்கள்

இதற்கு சென்செக்ஸையே உதாரணமாக எடுக்கலாம். 2007 கடைசியில் அது சுமார் 20,287. 2008 கடைசியில் 9,647. 2009 கடைசியில் 17,465. 2010 கடைசியில் 20,509. வருஷ வாரியாகப் பார்த்தால் முதலில் 52.4 சதவீத இறக்கம், அடுத்து 81 சதவீத ஏற்றம், அதற்கடுத்து 17.4 சதவீத ஏற்றம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருஷத்துக்கு 15.3 சதவீதம் வருகிறது. யாராவது இதை ஒரு விளக்கப் படத்தில் போட்டு, "அந்தப் பெரிய வீழ்ச்சியையும் சேர்த்தே சராசரி 15 சதவீதம்" என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் 20,287-இல் உள்ளே போனவர் மூன்று வருஷம் கழித்து 20,509-இல் நிற்கிறார். டிவிடெண்டை விட்டுவிட்டால் மொத்தமே 1.1 சதவீதம், வருஷத்துக்கு 0.4 சதவீதம்கூட இல்லை. 15.3 எங்கே, 0.4 எங்கே!

காரணம் எளிது. 100 ரூபாய் பாதியாகி 50 ஆனபிறகு 50 சதவீதம் ஏறினால் 75தான். இறங்கிய சதவீதமும் ஏறிய சதவீதமும் வெவ்வேறு அடித்தொகை மேல் நிற்கின்றன, அவற்றை நேரடியாகக் கூட்டவே முடியாது, பெருக்கத்தான் வேண்டும். ஏற்ற இறக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கூட்டுச் சராசரி உண்மையைவிட மேலே நிற்கும். வைப்புநிதி மாதிரி வருஷா வருஷம் ஒரே வீதம் என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஸ்மால்கேப் ஃபண்டு, தனிப் பங்கு, கிரிப்டோ மாதிரி ஆடும் பொருள்களைப் பற்றி "சராசரி வருமானம்" என்று யாராவது சொன்னால் எந்தச் சராசரி என்று உடனே கேளுங்கள்.

4. ஒரே தடவை போட்ட பணத்துக்கு சிஏஜிஆர்

கடைசி மதிப்பை முதல் மதிப்பால் வகுங்கள். அந்த விடைக்கு, 1-ஐ வருஷ எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண்ணை அடுக்காகப் போடுங்கள். 1-ஐக் கழியுங்கள். 2 லட்சம் போட்டு 7 வருஷத்தில் 4.1 லட்சம் ஆனது என்றால் விகிதம் 2.05, அதன் ஏழாம் மூலம் 1.108, ஆக வருஷத்துக்கு 10.8 சதவீதம். ஃபோன் கால்குலேட்டரைப் படுக்கை வாட்டில் திருப்பினால் பெரும்பாலும் அடுக்குப் பொத்தான் வந்துவிடும். மொத்த லாபமான 105 சதவீதத்தை ஏழால் வகுத்தால் 15 வரும். 10.8-ஐ 15 ஆக்கிக் காட்ட யாரும் பொய்யான எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஒரு வகுத்தலே போதும்.

வைப்புநிதி விளம்பரங்களில் "யீல்டு" என்று பெரிய எழுத்தில் போடுவது பல நேரம் இந்த வகுத்தல்தான். 7 சதவீத வட்டி, காலாண்டுக் கூட்டுவட்டி, 10 வருஷம் என்றால் ஒரு லட்சம் இரண்டு லட்சத்தைத் தொடும். லாபம் 100 சதவீதம், பத்தால் வகுத்தால் 10. ஆனால் உண்மையான வருஷ வளர்ச்சி 7.19 சதவீதம்தான். முதிர்வுத் தொகையைக் கேட்டு வாங்கி நீங்களே சிஏஜிஆர் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

ஒரு வருஷத்துக்குக் குறைந்த காலத்தை மட்டும் ஆண்டுக் கணக்காக மாற்றாதீர்கள். ஒரு லட்சம் 30 நாளில் 1,03,000 ஆனால் அது 3 சதவீதம். ஆண்டுக்கு மாற்றினால் 43 சதவீதம் என்று காட்டும், அந்த 43 யார் கைக்கும் வராது.

5. தவணையாகப் போட்ட பணத்துக்கு எக்ஸ்ஐஆர்ஆர்

எஸ்ஐபிக்கு சிஏஜிஆர் பொருந்தாது. முதல் மாதத் தவணை பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்கிறது, கடைசித் தவணை ஒரு மாதம்தான். மாதம் 10,000 வீதம் ஒரு வருஷம் போட்டு, 1,20,000 என்பது 1,28,000 ஆகியிருந்தால் "6.7 சதவீதம்தானே, வங்கியிலேயே போட்டிருக்கலாம்" என்று பலர் எஸ்ஐபியை நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் பணம் சராசரியாக உள்ளே இருந்தது ஆறரை மாதம்தான். எக்ஸ்ஐஆர்ஆர் போட்டால் சுமார் 12.5 சதவீதம் வரும். ஒரு வருஷத்தை வைத்து ஃபண்டைத் தீர்மானிக்க முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் தப்பான எண்ணைப் பார்த்து நல்ல பழக்கத்தை விட்டுவிடுவது வருத்தமான காரியம்.

செய்முறை: ஒரு பத்தியில் தேதி, அடுத்ததில் தொகை. கையைவிட்டுப் போன பணத்துக்கு முன்னால் கழித்தல் குறி, கைக்கு வந்த பணம் அப்படியே. கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய மொத்த மதிப்பும், கழித்தல் குறி இல்லாமல். பிறகு வெற்றுக் கட்டத்தில் சமக்குறி போட்டு எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) செயல்பாட்டை அழைத்து, அடைப்புக்குறிக்குள் முதலில் தொகைப் பத்தி, காற்புள்ளி, அடுத்து தேதிப் பத்தி. வரும் விடையைச் சதவீத வடிவத்துக்கு மாற்றுங்கள்.

சிக்கல் வருகிற இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை:

தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் இது அடிக்கடி நடக்கும். தேதி கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது தேதியே இல்லை, எழுத்து. நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், 5 ஏப்ரல் சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும்.

ஐஆர்ஆர் என்று எக்ஸ் இல்லாமல் இன்னொரு செயல்பாடு இருக்கிறது. அது எல்லா இடைவெளியும் சமம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். நமக்கு அது வேண்டாம்.

நஷ்டத்தில் இருக்கும்போது பிழைக்குறியோ, பூஜ்யம் மாதிரியான ஒரு மிகச் சிறிய எண்ணோ வரலாம். அப்போது மூன்றாவது உள்ளீடாக ஒரு உத்தேச விடை, உதாரணமாக கழித்தல் 0.1, கொடுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

எஸ்ஐபி தவணை வங்கியில் திரும்பியிருந்தால் காஸில் வாங்கியதும் ரத்தானதும் இரண்டு வரியாக இருக்கும், இரண்டையுமே எடுத்துவிடுங்கள். 2020 ஜூலையிலிருந்து வாங்கும்போது 0.005 சதவீத முத்திரைத் தீர்வை இருப்பதால் 10,000-க்குப் பதில் 9,999.50 என்று தெரியும், நீங்கள் போட வேண்டியது உங்கள் கணக்கிலிருந்து போன முழு 10,000. டிவிடெண்ட் கைக்கு வரும் திட்டமாக இருந்தால் வந்த தொகையை அந்தந்தத் தேதியில் வரவாக எழுதுங்கள். அதையே மறுமுதலீடு செய்யும் திட்டம் என்றால் எழுதவே வேண்டாம், யூனிட் கூடியது கடைசி மதிப்பில் ஏற்கெனவே இருக்கிறது.

இதே தாளில், காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோவ்மென்ட் பாலிசியையும் போட்டுப் பாருங்கள். வருஷம் 50,000 வீதம் 20 வருஷம் கட்டி, முடிவில் 20 லட்சம் வருகிறது என்று வையுங்கள். "பத்து லட்சம் இருபது லட்சம் ஆகிறது, இரட்டிப்பு" என்பார்கள். சிஏஜிஆர் போட்டால் 3.5 சதவீதம், அது பாலிசிக்கு அநியாயம், ஏனென்றால் பத்து லட்சமும் முதல் நாளே கட்டப்படவில்லை. எக்ஸ்ஐஆர்ஆர் 6.2 சதவீதம். வாங்குவதா வேண்டாமா என்று பேச வேண்டியது இந்த 6.2-ஐ வைத்துத்தான்.

6. ஃபண்ட் எப்படி, நான் எப்படி: இரண்டையும் பிரியுங்கள்

ஒரு ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 10 ரூபாயிலிருந்து 15 ஆகிறது, அடுத்த வருஷம் 15-லிருந்து 12 ஆகிறது. ஃபண்டின் சிஏஜிஆர் 9.5 சதவீதம். நீங்கள் ஆரம்பத்தில் 10,000 போட்டீர்கள், முதல் வருஷ ஏற்றத்தைப் பார்த்து மகிழ்ந்து 15-இல் இன்னும் 90,000 போட்டீர்கள். உங்களிடம் இருப்பது 7,000 யூனிட், மதிப்பு 84,000. எக்ஸ்ஐஆர்ஆர் கழித்தல் 14.7 சதவீதம்.

ஃபேக்ட்ஷீட் சரி, உங்கள் எண்ணும் சரி. என்ஏவியை வைத்துப் போடும் சிஏஜிஆர், பணம் எப்போது வந்தது போனது என்பதைக் கண்டுகொள்ளாது; அதனால் ஃபண்ட் மேலாளரை மதிப்பிட அதுதான் நியாயமான அளவு, பணம் வரும் நேரம் அவர் கையில் இல்லை. எக்ஸ்ஐஆர்ஆர் உங்கள் நேரத்தையும் சேர்த்து அளக்கிறது, உங்களை மதிப்பிட அது. உங்கள் எக்ஸ்ஐஆர்ஆரை ஃபண்டின் சிஏஜிஆரோடு வைத்து "ஃபண்ட் மோசம்" என்று முடிவுகட்டாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன், ஏனென்றால் நல்ல ஃபண்டை விட்டு ஓடிப்போய் அடுத்ததன் உச்சத்தில் மாட்டுகிறவர்கள் இந்த ஒப்பீட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள்.

குறியீட்டோடு ஒப்பிடும்போது டிவிடெண்டும் சேர்ந்த டிஆர்ஐ குறியீட்டை எடுங்கள். 2018 பிப்ரவரியிலிருந்து ஃபண்டுகள் அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொல்லிவிட்டது. செய்தியில் வரும் வெறும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் கிடையாது, அதோடு ஒப்பிட்டால் ஃபண்ட் சும்மாவே ஜெயித்த மாதிரி இருக்கும்.

தொடக்கத் தேதியையும் பாருங்கள். சென்செக்ஸ் 2020 மார்ச் 31-இல் 29,468, அடுத்த மார்ச் 31-இல் 49,509. ஒரு வருஷ வருமானம் 68 சதவீதம்! அந்த நேரத்து விளம்பரங்களில் எந்தப் பங்கு ஃபண்டும் பிரமாதமாகத்தான் தெரிந்திருக்கும். இதற்கு மருந்து ரோலிங் ரிட்டர்ன்: ஒவ்வொரு நாளிலும் ஆரம்பித்து மூன்று அல்லது ஐந்து வருஷ சிஏஜிஆர் எடுத்து, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பார்ப்பது. கூடவே மிக மோசமானது எது என்பதையும்.

7. ஃபண்டுகளின் சதவீதங்களுக்குச் சராசரி எடுக்காதீர்கள்

ஒரு ஃபண்டில் 10,000 ரூபாய், ஒரு வருஷத்தில் 30 சதவீதம். இன்னொன்றில் 5 லட்சம், 8 சதவீதம். கூட்டி இரண்டால் வகுத்தால் 19. கையில் இருக்கும் லாபம் 5,10,000-க்கு 43,000, அதாவது 8.4 சதவீதம். எத்தனை ஃபண்ட் இருந்தாலும் எல்லாப் பரிவர்த்தனைகளையும் ஒரே தாளில் கொட்டி, கடைசியில் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி ஒரே எக்ஸ்ஐஆர்ஆர். ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது கிட்டத்தட்ட ஒரே தேதியில் வரவாகவும் செலவாகவும் வந்து அடிபட்டுப்போகும்.

8. சராசரி வாங்கிய விலை

மாதம் 5,000 போடுகிறீர்கள், என்ஏவி ஒரு மாதம் 20, அடுத்த மாதம் 30. சராசரி விலை 25 என்று தோன்றும். ஆனால் 250 யூனிட்டும் 166.67 யூனிட்டும் கிடைத்திருக்கின்றன, 10,000-ஐ 416.67-ஆல் வகுத்தால் 24. இதுதான் இசைச் சராசரி. விலை குறைவான மாதம் யூனிட் அதிகம் வருவதால் எப்போதும் கூட்டுச் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். இதைக் காட்டி "எஸ்ஐபியில் நஷ்டமே வராது" என்று விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். இன்றைய என்ஏவி 22 என்றால் 24-க்கு வாங்கியவருக்கு நஷ்டம்தான்.

9. எதிர்காலத் திட்டத்துக்கு எந்த எண்?

ஓய்வுக்கால கால்குலேட்டரில் "எதிர்பார்க்கும் வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே பெருக்குச் சராசரியைப் போடுங்கள். உங்களிடம் கூட்டுச் சராசரி மட்டும் இருந்தால் ஏற்ற இறக்கத்தின் அளவான திட்ட விலக்கத்தை இருமடியாக்கி, அதில் பாதியைக் கழியுங்கள். இது தோராயம்தான், ஆனால் போதும். சராசரி 12, திட்ட விலக்கம் 20 சதவீதம் என்றால் 0.20-இன் இருமடி 0.04, பாதி 0.02, மிச்சம் சுமார் 10 சதவீதம். இரண்டு சதவீதம்தானே என்று விடாதீர்கள். 1 லட்சம் 20 வருஷத்தில் 12 சதவீதத்தில் 9.65 லட்சம், 10 சதவீதத்தில் 6.73 லட்சம். அடுத்த ஒரே ஒரு வருஷத்துக்கான எதிர்பார்ப்பு, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டு வருமானத்தை அளக்கும் ஷார்ப் விகிதம் மாதிரியானவற்றுக்குக் கூட்டுச் சராசரி பொருந்தும், அதற்கு மேல் வேண்டாம்.

10. செலவு, வரி, நேரம்

ஃபண்டின் செலவு விகிதம் என்ஏவியிலேயே கழிக்கப்பட்டுவிட்டது, மறுபடி கழிக்காதீர்கள். வெளியேறும் கட்டணம் அப்படியில்லை. பல பங்கு ஃபண்டுகளில் ஒரு வருஷத்துக்குள் விற்றால் 1 சதவீதம் பிடிப்பார்கள், எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஒரு வருஷம் தனித்தனியாக ஓடும்.

2024 ஜூலை 23 முதல் பங்கு ஃபண்டுகளை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் 20 சதவீதம். 6 லட்சம் போட்டது 10 லட்சமாகி, எல்லாமே ஒரு வருஷம் தாண்டியது என்றால் வரிக்கு உட்படுவது 2.75 லட்சம், 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து வரி 35,750. தாளின் கடைசி வரியில் 10 லட்சத்துக்குப் பதில் 9,64,250 போட்டு இன்னொரு எக்ஸ்ஐஆர்ஆர் எடுங்கள். பாலிசியோடோ வைப்புநிதியோடோ ஒப்பிடுவதற்கு அதுதான் சரியான எண், வைப்புநிதிக்கும் உங்கள் வரிவீதத்தைக் கழித்தபிறகு.

பணவீக்கத்தை நேராகக் கழிப்பதும் அவ்வளவு துல்லியம் இல்லை. 10 சதவீத வருமானம், 6 சதவீத விலையேற்றம் என்றால் 1.10-ஐ 1.06-ஆல் வகுத்து 1-ஐக் கழியுங்கள், 3.8 சதவீதம் வரும்.

இதை வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில் செய்தால் போதும். மார்ச் 31 மதிப்போடு காஸும் கிடைக்கும், வருமான வரித் தாக்கலுக்கான மூலதன ஆதாய அறிக்கையையும் அதே உட்காரலில் எடுத்துவிடலாம். முதல் தடவை தாளை உருவாக்க ஒரு மாலைப்பொழுது போகும். அடுத்த வருஷத்திலிருந்து புதுத் தவணைகளைச் சேர்த்து, கடைசி வரியின் தேதியையும் மதிப்பையும் மாற்றினால் முடிந்தது. பழைய கடைசி வரியை மட்டும் மறக்காமல் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் போன வருஷ மதிப்பு முழுக்கக் கைக்கு வந்த பணம் மாதிரி கணக்கில் ஏறிவிடும்.